பூதலிங்கத்தின் இரண்டாவது குரல்

பூதலிங்கத்துக்கு ரயில்வேயில் ஒரே வேலை, ஆட்களைக் கூப்பிடுவது. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த ஃபயர்மேன் என்று ஆபீசில் சொல்லி அனுப்புவார்கள். அவர் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த, எஞ்சின்காரர்களான எங்கள் லைன் வீடுகளுக்கு வந்து, வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பார். கால்மேன் என்று அந்த உத்தியோகத்துக்குப் பெயர்.

நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரத்து ரயில் ஊருக்கு வெளியே சாக்கை ஸ்டேஷனோடு நின்றுவிட்ட காலத்தில் அவருடைய அப்பா அங்கே மூட்டை தூக்கினார். முப்பத்தொன்றில் பாதை தம்பானூருக்கு நீண்டபோது குடும்பமும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கொல்லம், புனலூர், ஆரியங்காவு என்று மலையேறிச் செங்கோட்டைக்குப் போகிற அந்தப் பாதையில் பூதலிங்கம் கொல்லத்துக்கு முன்னாலேயே இருக்கிற வர்க்கலையைத் தாண்டியதில்லை.

அவர் குரல் உரத்ததல்ல. ஆனால் காதுக்குள் நின்று கூப்பிடுவதுபோல் இருக்கும்.

ஐம்பத்திரண்டு ஆடியில் டிரைவர் ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டார். ஆரியங்காவு குகைக்குள் வண்டி நுழையும்போது ஸ்ரீகண்டன் ஃபயர்மேனோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரில் இருந்தது, உயிர் இல்லை. அடுத்த மாதமே ஃபயர்மேன் கோலப்பனைக் கூப்பிட்டார். "வாறேன்" என்று பதில் சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இரண்டும் நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். எங்கள் லைனில் டாக்டர் பேச்சை யார் கேட்டார்கள்?

"முதல்ல கூப்பிடுகது பூதலிங்கம் அண்ணாச்சி இல்லாக்கும். அவருக்கு முன்னே நடந்து வாற காலனாக்கும். ரெண்டாவது விளிக்குதப்போ மிண்டினா போதும்" என்றாள் என் மனைவி ராஜபாய். முதல் குரலுக்குப் பதில் கிடையாது, இரண்டாவதற்குத்தான் என்று ஒரே வாரத்தில் அது லைன் முழுக்கச் சட்டமாகிவிட்டது. நெருப்பையும் நீராவியையும் கட்டி மேய்க்கிற எங்களுக்கு இப்படி ஒரு புத்தி! எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் நானும் முதல் குரலுக்கு வாயைத் திறந்ததில்லை.

பூதலிங்கத்தின் மனைவி பகவதியம்மாளும் தன் ஒரே மகள் சரோஜத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாள். சொந்த வீட்டு வாசலிலும் அவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.

"எனக்க பிள்ளைக்கும் என்னைக் கண்டா பயமாக்கும், வே" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வருடம் ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் அடைத்திருந்த சமயம். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு சரோஜம் யார்டைக் கடந்து வந்தாள். தூக்குவாளியின் மூடி நழுவியதோ என்னவோ, தண்டவாளத்துக்கு நடுவே நின்று சரிசெய்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், எஞ்சின் தள்ளிவிட்ட காலிப் பெட்டிகள் சத்தமில்லாமல் உருண்டு வந்தன. நான் வேறொரு எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷெட் வாசலில் நின்ற பூதலிங்கம் எனக்கு முன்பே பார்த்துவிட்டார்.

"சரோஜம்!"

அவளுக்குக் கேட்டது. தோள் விறைத்ததை நான் பார்த்தேன். ஆனால் நிமிரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த குரலுக்காகக் காத்து நின்றாள்.

பூதலிங்கத்தின் வாய் மறுபடியும் திறந்தது. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் போட்ட கூச்சல் யாருக்கும் உதவவில்லை.

பிள்ளையின் காரியம் முடிந்ததும் அவர் வேலைக்கு வந்தார். அதன்பிறகு எங்கள் லைனில் எல்லோரும் முதல் குரலுக்கே பதறிக்கொண்டு வெளியே வந்தோம். அவரை இன்னொரு முறை கூப்பிடவைக்க யாருக்கும் மனசில்லை. மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து அவர் வீட்டைக் கடந்தேன். பகவதியம்மாள் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பூதலிங்கம் வாசலில் நின்று, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "சரோஜம்" என்றார். கொஞ்சம் பொறுத்தார்.

"சரோஜம்."

"வாறேன், அப்பா." வீட்டுக்குள்ளிருந்து சரோஜத்தின் குரல்.

பகவதியம்மாளின் கையிலிருந்து துணி நழுவியது.

அவர் மெல்லத் திரும்பினார். "வல்லதும் கேட்டுதா, வே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "கேட்டுது, அண்ணாச்சி" என்றேன்.

பூதலிங்கம் வாசல்படியில் உட்கார்ந்தார். முதன்முதலாக அழுதார்.

"அப்பம், அன்னைக்கும் ரெண்டாவது கூப்பிட்டிருந்தா எனக்க பிள்ளை வந்திருப்பா, இல்லியா வே?"