மரியம்மாள் கிழிக்காத கேத நோட்டீஸ்

மரியம்மாளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்துக் கோத்தவள் அவள். அங்கே சாவுச் செய்தி சொல்ல அடித்த கேத நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். இறந்தவர் பெயருக்குக் கீழே மக்கள், மருமக்கள், யார் கொழும்பில் கடை வைத்திருந்தார், யாருக்குப் பம்பாயில் ரயில்வே வேலை என்று பாதி ஊர் அந்தத் தாள்களில் இருந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று அவற்றை எல்லோரும் பார்க்கும்படி கணினியில் ஏற்றக் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை வண்டி வரும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் வாழைக்காய் மண்டி மணிராஜ் வந்தார்.

“எங்கப்பா நோட்டீஸக் கிழிச்சிருங்கக்கா. தையில மக கல்யாணம். சம்பந்தி வீட்ல பாத்தா நான் என்ன சொல்லுவேன்?”

1986இல் அடித்த நோட்டீஸ். மக்கள் வரிசையில் மணிராஜுக்குக் கீழே ‘செல்வக்கனி, சாத்தான்குளம்’ என்றிருந்தது. அவர் அப்பாவுக்கு வேறொருத்தியிடம் பிறந்த பெண் குழந்தை. அச்சான நோட்டீஸ் கட்டை வாங்கி, அந்தப் பெயரைப் பார்த்ததுமே சித்தப்பாமார் எரித்துவிட்டார்கள். மிஞ்சியது மரியம்மாளிடம் இருந்த ஒன்றுதான்.

மறுநாளும் வந்தார். அதன்பிறகு வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அவள் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒரு பெண்ணின் கல்யாணம் தன்னால் நின்றுபோய்விடுமோ? கிழித்துவிடலாம் என்று கையில் எடுத்தும்விட்டாள். பின்னால் குண்டூசியில் குத்தியிருந்த, அச்சடிக்க எழுதிக் கொடுத்த கைப்பிரதியைப் பார்த்ததும் கை நின்றது.

வியாழக்கிழமை அவர் வந்தபோது அதை நீட்டினாள்.

“எல்லாம் உங்க சித்தப்பா எழுதினது. கடைசிப் பேரு யாரு எழுத்துன்னு பாருங்க தம்பி.”

வெகுநேரம் பார்த்தார். அவர் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

“அம்மா எழுத்துல்லா.”

“கேத வீட்டுல இருந்து தனியா பிரஸ்ஸுக்கு வந்தாவ. எங்கிட்டப் பேனா வாங்கி, அங்கன நின்னே எழுதினாவ. ‘பச்சப்பிள்ள என்ன செய்யும்’ன்னாவ.”

மணிராஜ் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “கல்யாணம் முடியுத வரைக்கும் இத மட்டும் குடுக்காதீங்கக்கா.”

சரி என்றாள். மறுநாள் மற்ற நோட்டீஸ்கள் பெட்டிகளில் போயின. அந்த ஒரு தாள் பீரோவில் தங்கியது. அந்த இரண்டு மாதமும் அவளுக்கு நிம்மதியில்லை. மனிதர் மனம் மாறினால்? தனக்கு ஏதாவது ஆகி, வீட்டில் குப்பையென்று வீசிவிட்டால்? தினம் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து, தை கடைசியில் மணிராஜ் வந்தார். உட்காரவில்லை.

“காலேஜுக்குக் குடுத்துருங்கக்கா. சாத்தான்குளம் போயிட்டுத்தான் வாரேன்.”

“அந்தப் பிள்ள என்ன சொல்லுது?”

“அப்பா போட்டோ ஏதும் இருக்கான்னு மட்டும் கேட்டுச்சு.”