கேப்டன் உதயனின் கடைசி இருபது நாள்

கொட்டாரம் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் முருகதாஸுக்குப் போன சித்திரையோடு ஐம்பத்தாறு வயது முடிந்தது. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று எழுதிவைக்காமலே சொல்லுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று ஊர் நம்பியது. நம்பவைத்தவரும் அவரேதான். அதை நினைத்தால் அவருக்குக் கட்டின வேட்டியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருக்கும்.

எல்லாம் ஒரு படக்கதையால் வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாளிதழில் 'வியாழன் காவல்' என்று தினமும் மூன்று கட்டமாக ஒரு விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்தது. சரக்கு வெளிநாட்டுடையது, மொழிபெயர்த்தவர் ஆட்களுக்கு நம்மூர்ப் பெயரை வைத்துவிட்டார். நாயகன் கேப்டன் உதயன், கூடவே திரியும் இரும்பு மனிதன் உருக்கன். முருகதாஸ் வீட்டில் பேப்பர் வாங்குகிற வழக்கம் கிடையாது. தெருமுனைச் சலூனில் வாசித்துவிட்டு, மறுநாள் அந்தத் துண்டைக் கெஞ்சி வாங்கிவந்து சோற்றுப்பருக்கையால் நோட்டில் ஒட்டிவைப்பார். உருக்கன் ஒரு பனி நிலாவில் தனியாக மாட்டிக்கொண்டான். உதயன் திரும்பிப் போவானா மாட்டானா என்று கதை நிற்கிற நேரம் பார்த்து முருகதாஸுக்கு அம்மை போட்டது. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் சலூன் பேப்பரை யார் விடுவார்கள்? தலைக்குத் தண்ணீர் விட்டு வெளியே வந்தபோது இருபது நாள் போயிருந்தது. கதை முடிந்து, அந்த இடத்தில் பல்பொடி விளம்பரம் வந்திருந்தது. பழைய பேப்பரெல்லாம் பொட்டலம் கட்டச் சிப்ஸ் கடைக்குப் போய்விட்டது.

ஏழு வருஷத்துக்கு முன் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற தாணுலிங்கம் 'வியாழன் காவல் வாசகர் வட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார். போன் குழுவில் எண்பது பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நேரில் கூடுவது பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் படித்தவர்கள், பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள். ஆனால் உதயன் எந்தக் கையால் சுட்டான் என்ற தகராறில் அதில் இரண்டு பேர் ஒரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். எல்லார் நோட்டையும் சேர்த்துப் பார்த்தும் கடைசி இருபது நாள் மட்டும் கிடைக்கவில்லை. வட்டத்தில் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். துண்டு கிடைக்காத நாளின் கதையை, வாசித்த ஒருவர் எழுந்து நின்று ஓர்மையிலிருந்து சொல்லவேண்டும். தாணுலிங்கம் எழுதிக்கொள்வார். அதற்குமேல் பேச்சு இல்லை.

"கடைசி இருவது நாளும் யாராவது வாசிச்சியளா?" என்று ஒரு கூட்டத்தில் அவர் கேட்டார்.

வாத்தியார்களும் பாங்க்காரர்களும் இருந்த அந்தச் சபையில் நகத்தில் வார்னிஷ் கறையோடு இருந்தது முருகதாஸ் ஒருவர்தான். அதுவரை அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

உதயன் தன்னந்தனியாகத் திரும்பிப் போனான், கை ஒடிந்த உருக்கனைத் தோளில் தூக்கிவந்தான், இருவரும் பூமியில் ஒரு கறுப்பு மணல் கரையில் இறங்கினார்கள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார். அம்மைப் படுக்கையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட முடிவு அது.

"கறுப்பு மண்ணா? நம்ம மணவாளக்குறிச்சி கடக்கரை மாரியா?" என்றார் தாணுலிங்கம்.

"அதே மாரிதான்."

கைதட்டினார்கள். அந்த நிமிஷமே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும். கைதட்டு காதில் விழுந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு யார் புதிதாகச் சேர்ந்தாலும் முருகதாஸ் எழுந்து அந்த முடிவைச் சொன்னால்தான் கூட்டம் களைகட்டும்.

வட்டத்திலிருந்த ஓவிய ஆசிரியர் ஷாஜன் அதைப் படமாக வரைய உட்கார்ந்தார். இருபது நாளுக்கு இருபது தாள். பதினான்கு மாதம் ஆனது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மணவாளக்குறிச்சிக்குப் போய், வெயிலில் குத்தவைத்துக் கறுமணலைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சந்தேகம் வந்தால் கடைக்கு வந்துவிடுவார். "அண்ணாச்சி, உருக்கனுக்கு எந்தக் கை ஒடிஞ்சு கெடந்துது?" என்பார். "இடது கை" என்பார் முருகதாஸ், நாக்கு கூசாமல். ஷாஜன் நன்றி சொல்லிவிட்டுப் போனபிறகு கம்பியைச் சுற்ற ஓடாது. எண்ணிக்கை தப்பிவிடும்.

போன ஐப்பசிக் கூட்டத்துக்குத் திற்பரப்பிலிருந்து சபிதா என்ற நர்ஸ் வந்தார். இறந்துபோன அப்பாவின் அலமாரியில் கிடைத்தது என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். கடைசி நாள்வரை ஒரு துண்டு குறையாமல் ஒட்டியிருந்தது. தாணுலிங்கம் சத்தமாக வாசித்தார். உதயன் திரும்பிப் போகவே இல்லை. இருபது நாளும் யோசித்துவிட்டு, உருக்கனை அங்கேயே விட்டுக் கப்பலை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். கடைசிக் கட்டத்தில் உருக்கனின் நெற்றி விளக்கு அணைகிறது. பூமியும் இல்லை, கரையும் இல்லை.

எல்லார் கண்ணும் முருகதாஸ்மேல் திரும்பியது.

"என்ன மக்கா, ஒண்ணும் ஒத்து வரல்லியே?" என்றார் தாணுலிங்கம்.

முருகதாஸ் நெற்றியைத் தடவினார். "இப்பம் கொஞ்ச நாளா எனக்கு ஒண்ணும் சரியா ஓர்மை நிக்க மாட்டேங்குது."

சட்டென்று எல்லார் முகமும் இளகிவிட்டது. சபிதா பக்கத்தில் வந்து, "இண்ணைக்கு என்ன கெழமை மாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பொய் நிற்கவேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமையைச் சனி என்று சொல்லிவைத்தார் முருகதாஸ்.

அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. மனைவி இசக்கி ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்தாள். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றாள். மோட்டார்கள் வேறு கடைக்குப் போயின. ஷாஜன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, வரைந்த தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி, தெளிஞ்சிரும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முருகதாஸால் முடியவில்லை. நாகர்கோவில் டாக்டர் என்னென்னவோ கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்றார். தொடக்கத்தில் அப்படித்தான் தெரியாமல் இருக்கும் என்று இசக்கிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் சாமித்தோப்புப் பதிக் கோயிலுக்குப் போய் விழுந்து அழுதுவிட்டு வந்தாள். அவர் நெற்றியில் அவளே நாமம் இட்டாள். இவ்வளவு கேவலமானவனா நான் என்று வாய்விட்டே சொன்னார். அதையும் நோய் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவளும் கூடவே வந்தாள். கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். மேஜையில் ஷாஜனின் இருபது தாளும் இருந்தன. முருகதாஸுக்காக அவற்றைப் புத்தகமாகக் கட்டுவது என்று வட்டம் தீர்மானித்திருந்தது. அவர் எழுந்தார்.

"நான் அந்த இருவது நாளும் வாசிச்சதே இல்ல. அம்மை போட்டுக் கெடந்தேன். சொன்னது பூராவும் பொய். மறதின்னு சொன்னதும் பொய்."

தாணுலிங்கம் அருகில் வந்து தோளைத் தட்டினார். "சரி மக்கா, நீ இரி. தண்ணி குடிக்கியா?"

"பொய்யின்னு சொல்லுதேன், கேக்கலியா?" என்று முருகதாஸ் கத்தினார்.

"இப்பிடித்தான் மாமி, தம்மேலேயே குத்தம் சொல்லுவாவ. சட்டுன்னு கோவமும் வரும்" என்று சபிதா இசக்கியிடம் சொன்னார். இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை இழுத்து உட்காரவைத்தாள்.

ஷாஜன் மட்டும் எழுந்து வரவில்லை. முருகதாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துப் பையில் வைத்தார். வாசலில் நின்று இசக்கியிடம் சொன்னார்:

"அண்ணாச்சிக்கு மறதி ஒண்ணும் இல்ல, அக்கா."

படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கி முருகதாஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.