கலியபெருமாள் செருப்பைக் கழற்றிய இடம்

ஓய்வூதியர்கள் அனைவரும் இந்த மாதத்துக்குள் உயிர்ச்சான்று அளிக்க வேண்டும் என்ற அறிவிப்பு நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டு மணிக்கு வந்தது. எட்டேகாலுக்கு அதன் கீழேயே அடுத்த செய்தி: நில அளவர் கலியபெருமாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காலமானார். முதல் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்த வந்த நண்பர்கள் சிலர் அதே வேகத்தில் இரண்டாவதற்கும் உயர்த்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்த தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முப்பது வருடம் பழகிய கைகள்.

அவர் அரியலூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பையில் ஒரு வேட்டித் துண்டும் காலித் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "தண்ணி தீந்துபோயித் தவிச்சிருக்காரு, பாவம். என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்று டீக்கடைக்காரர் வருந்தியதை எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பாட்டில் தீர்ந்துபோன பாட்டில் இல்லை. நிரப்புவதற்காகக் கழுவிக் காயவைத்த பாட்டில். இதை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியதாயிற்று.

நம் அலுவலகத்தில் அவர் களத்தில் அளப்பவர், நான் மேசையில் வரைபவன். வெயில் அவருக்கு, மின்விசிறி எனக்கு. அதனால் அவர் என்னை மரியாதையோடு "டிராஃப்ட்ஸ்மேன் சார்" என்பார். மரியாதைக்குள் ஒரு சிறு முள் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "அளந்துட்டுச் சொல்லு." மனைவி கோபமாக இருக்கிறாள் என்று ஒரு ஊழியர் புலம்பியபோதும் அதையே சொன்னார். சாமி நம்பிக்கை கிடையாது. "சர்வே நம்பர் இல்லாத ஆளு கிட்ட எனக்கு வேலை இல்ல சார்" என்பார். இன்னொரு பழக்கம் உண்டு. அளக்கும்போது அவர் வாயைத் திறக்கவே மாட்டார். காலடியால் தூரம் பார்த்தாலும் உதடு அசையாது. முடித்த பிறகு எண்ணை மட்டும் சொல்வார். இந்தப் பழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விக்கிரமங்கலம் பக்கத்தில் அவருடைய ஊர். ஊர்க்காரர்களின் நிலத்தைச் சுண்ணாம்புக்கல்லுக்காக ஒரு சிமென்ட் நிறுவனம் வாங்கியது. நிலத்தின் நடுவே அவர்கள் குலதெய்வமான வீரனாரின் இடம் இருந்தது. சிலையோ கோயிலோ இல்லை. ஆடியில் ஒரு செங்கல்லை நட்டுப் பொங்கல் வைப்பார்கள். கும்பிட்டு முடித்ததும் செங்கல்லைப் பிடுங்கி எடுத்துப் போய்விடுவார்கள். தரைதான் சாமி. அடையாளம் என்று இருந்தது ஒரு பனைமரம். அந்த இடத்தை மட்டும் தோண்டக் கூடாது என்று பேச்சு. நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட வாரமே அதன் இயந்திரங்கள் பனை உட்பட எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டு, "இப்போது இடத்தைக் காட்டுங்கள், விட்டுவிடுகிறோம்" என்று பணிவோடு கேட்டன.

வெள்ளை வெளேரென்று கிடந்த தரையில் யாருக்கும் இடம் தெரியவில்லை. கலியபெருமாளை அனுப்பினார்கள். எஞ்சியிருந்த இரண்டு எல்லைக்கற்களிலிருந்து கோடு பிடித்து, பழைய வரைபடத்தின்படி இடத்தைக் கண்டு நான்கு கொடிகள் நட்டார். அவர் தந்த அளவுகளை நான் வரைந்தபோது கோடுகள் தொடங்கிய புள்ளியில் வந்து சேரவில்லை. சிறிய வித்தியாசம். நம் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: வித்தியாசத்தை நான்கு பக்கமும் பங்கிட்டு, கோட்டைச் சேர்த்து, மசியில் அழகாக வரைந்து கொடுத்தேன். படம் அழகாக இருப்பதாக மேலதிகாரி பாராட்டினார்.

மூன்று மாதம் கழித்து அவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். அவர் நம்பிய இரண்டு எல்லைக்கற்களில் ஒன்று நகர்ந்த கல் என்றார். அவருடைய அக்கா அஞ்சலையின் கணவர், பங்காளி நிலத்தின் மீது இருந்த பிரியத்தால், வருடத்துக்கு ஒரு சாண் என்று அதை நடத்தியே கொண்டுபோயிருக்கிறார். அந்த மனிதர் இறந்து நாளாகிவிட்டது. கல் போன இடத்திலேயே நின்றுவிட்டது. கோடு தொடங்கும் இடத்தில் ஒரு கல் நகர்ந்தால் அதன் நுனியில் ஒரு வயலே நகர்ந்துவிடும். நிறுவனம் பத்திரமாக விட்டுவைத்திருந்தது யாரோ எருமை கட்டிய இடத்தை. வீரனாரின் இடத்துக்கு ஏற்கெனவே வெடி வைத்தாகிவிட்டது.

"எங்க சாமி இந்நேரம் சென்னையில எவன் வூட்டு மூணாவது மாடியா நிக்குதோ, தெரியல சார்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் இதை ஊரில் சொல்லவில்லை. சொன்னால் அக்கா கணவரின் பெயரையும் சொல்ல வேண்டும். நானும் சொல்லவில்லை. என் படத்தின் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

சுண்ணாம்புக்கல் தீர்ந்ததும் சுரங்கம் கைவிடப்பட்டது. மழை அதை நிரப்பியது. எருமை கட்டிய இடம் தீவாயிற்று. நிறுவனம் அதில் புல் விரித்து, மரக்கன்றுகள் நட்டு, 'தீவு இயற்கைப் பூங்கா' என்று பலகை வைத்தது. சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேர் மட்டும், முன் அனுமதியோடு, படகில் போய் மாலைக்குள் திரும்பலாம். சூடம், விளக்கு, உணவு கூடாது. செடி, கல், மண் எதையும் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை அந்த நிறுவனமே எழுதியது என்பதைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற வருடம் அஞ்சலை அக்காவின் ஒரே மகள், மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய் செல்விக்கு ரத்தத்தில் நோய் வந்தது. திருச்சியில் ஐந்து மாதம் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்கா அதற்கு மேல் டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே தம்பியிடம் வந்தார். "பெருமாளு, வீரனாரு மண்ணு ஒரு புடி வேணும். நெத்தியில வச்சுட்டா புள்ள எந்திரிச்சிரும். எடம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா."

தனியாகப் போகத் தைரியமில்லாமல் அவர் என்னையும் அழைத்தார். இப்படித்தான் நாங்கள் மூவரும், ஒரு தனியார் பள்ளி ஆசிரியைகள் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இயற்கையை ரசிக்கப் போனோம்.

படகோட்டி அந்த ஊர்க்காரர். முன்பு அங்கே முந்திரி வைத்திருந்தவர். "எடம் மாறலீங்க. அப்ப இங்க ஏரு ஓட்டுனேன், இப்ப துடுப்பு போடுறேன்" என்று ஆசிரியைகளுக்கு விளக்கினார். தொப்பி வைத்த வழிகாட்டிப் பெண் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்றும், புல்தரைக்கான செம்மண் வெளியிலிருந்து லாரியில் வந்தது என்றும் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். எனக்கும் கலியபெருமாளுக்கும் புரிந்தது. அக்காவுக்குப் புரியவில்லை. தவறான இடம், அந்த இடத்திலும் அதன் சொந்த மண் இல்லை.

இறங்கியதும் அக்கா செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டார். "காட்டுடா" என்றார்.

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"இருக்கா. அளந்து சொல்றேன்."

படித்துறையிலிருந்து அவர் நடக்கத் தொடங்கினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று வாய்விட்டு எண்ணினார். இருபத்தாறு வருடத்தில் அவர் எண்ணி நான் கேட்டது அன்றுதான். கோயிலில் மந்திரம் சொல்பவர் போல ராகமாகக்கூட இருந்தது. அக்கா பின்னாலேயே, அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து நடந்தார். நாற்பத்திரண்டில் குரல் உடைந்தது. அதனால் அங்கேயே நின்றார். அந்த இடத்தில் பெங்குவின் வடிவத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அதன் வயிற்றில் 'என்னைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதியிருந்தது.

அக்கா பெங்குவின் முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"பாட்டி, அங்கல்லாம் படுக்கக் கூடாது. எந்திரிங்க" என்று வழிகாட்டிப் பெண் விசிலோடு வந்தார்.

"வூட்டுல ஒருத்தியப் படுக்க வச்சுட்டு வந்துருக்கேன் தாயி. ஒரு நிமிசம்."

அந்தப் பெண் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஆசிரியைகளில் ஒருவர் குறுக்கே வந்து போனை நீட்டினார். "மேடம், எங்களுக்கு ஒரு குரூப் போட்டோ எடுத்துத் தாங்களேன்." ஒன்பது பேரும் அக்காவை மறைத்து வரிசையாக நின்றார்கள்.

"ஐயோ, கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு மேடம்."

"கலா டீச்சர், ஒட்டகம் மாரி நடுவுல நிக்காதீங்க. பின்னாடி யாருமே தெரியல."

"தெரியக் கூடாதுன்னுதானே நிக்கிறேன்? பேசாம சிரிங்க."

எட்டுப் போட்டோ எடுப்பதற்குள் அக்கா புல்லைப் பெயர்த்து மண்ணைத் தோண்டிவிட்டார். செல்வியின் காலி மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். அதில் போடும்போது கை நின்றது. "என்னடா இது, செவப்பா இருக்கு? நம்ம மண்ணு வெள்ளையாவுல இருக்கும்?"

"சாமி எடம்க்கா" என்றார் கலியபெருமாள். "அப்படித்தான் இருக்கும்."

திரும்பும்போது அக்கா டப்பாவை மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். பாதி வழியில், கரையிலுள்ள பம்ப் ஷெட்டும் தீவின் படித்துறையும் ஒரே நேராக வந்தபோது, கலியபெருமாள் குனிந்தார். இரண்டு செருப்பையும் ஓசையில்லாமல் கழற்றினார். வெறுங்காலைப் படகின் அடிப்பலகையில் வைத்தார். படகு கொஞ்ச தூரம் போனதும் மறுபடி போட்டுக்கொண்டார். நகராத கல்லிலிருந்து கோடு பிடித்தால் வீரனார் விழுகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

பதினோராம் நாள் செல்வி இறந்துபோனாள். நெற்றியில் செம்மண் இருந்தது.

அதன் பிறகு அவர் வாரத்தில் நான்கு நாள் என் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும், "அளவு தப்பு சார்" என்பார். எந்த மண்ணும் எந்த ரத்தத்தையும் சரி செய்யாது என்று அவருக்கு நான் சொன்னேன். முன்பெல்லாம் எனக்கு அவர் சொன்னதைத்தான்.

"எனக்குத் தெரியும் சார். அக்காவுக்குத் தெரியாதே. அன்னிக்கி வாயத் தொறந்திருந்தா, அந்த எடத்துத் தண்ணியயாவது மொண்டுகிட்டுப் போயிருக்கும். செஞ்சோம்ங்கிற நெனப்பாவது நெசமா இருந்திருக்கும். நான் எருமக்கொட்டாயக் காட்டிட்டேன்."

"இப்போது சொல்லிவிடுங்களேன்."

"சொன்னா செல்வி ரெண்டாவது தடவ செத்துருவா சார்."

சாப்பாடு குறைந்தது. சட்டை தொளதொளத்தது. கடைசியாக வந்தபோது ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை தனியாகப் போய், அந்த இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து, அக்கா வீட்டுக் குடத்தில் தெரியாமல் ஊற்றிவிடுவது. "குடிச்சா சரியாப் போயிரும்ல சார்? சொன்ன மாதிரியும் இல்ல, சொல்லாத மாதிரியும் இல்ல." சாமிக்கு சர்வே நம்பர் கேட்டவர் இதைக் கேட்டார். நான் அளக்காமல் "சரியாகிவிடும்" என்றேன். அவர் போன அந்தக் காலை சனிக்கிழமை.

சாவு வீட்டில் அக்கா அழவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த செம்மண்ணைத் தம்பியின் நெற்றியில் பூசினார். வலது கையை எடுத்து உள்ளங்கையிலும் வைத்து மூடினார். "எங்க சாமி எடத்தக் காப்பாத்திக் குடுத்த கைய்யா இது" என்று கூட்டத்துக்குச் சொன்னார். கூட்டம் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

பிறகு என்னிடம் வந்தார். "சார், செல்வி புள்ளைக்கு இன்னும் மொட்ட போடல. வீரனாரு மண்ணுல ஒரு தடவ ஒக்கார வைக்கணும். எந்தம்பி போயிட்டான். அன்னிக்கி கூட வந்தீங்கள்ல, எடம் ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடிந்த ஒரே உண்மை அது.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நம் சங்க இதழின் எழுத்தோ மிகச் சிறியது. இதைப் படிக்கும் நண்பர்கள் யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். இது என் வேண்டுகோள்.

கலியபெருமாளின் மகனிடம் அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரும் சனிக்கிழமைக்கு மூன்று பேருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது: அக்கா, நான்கு வயதுப் பேத்தி, நான். படித்துறையிலிருந்து பெங்குவின் வரை வாய்விட்டு எண்ணி நடப்பேன். என் கால் குட்டை, நாற்பத்தைந்து ஆகலாம். நாற்பத்திரண்டிலேயே முடிகிற மாதிரி எட்டி வைப்பேன். திரும்பும்போது பம்ப் ஷெட்டும் படித்துறையும் நேராக வரும் இடத்தில் பாட்டிலைத் தண்ணீரில் அமிழ்த்துவேன். குழந்தை ஏன் என்று கேட்டால் செடிக்கு என்பேன்.

அதற்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும். அதை எங்கே கழற்றுவது, பெங்குவின் முன்னாலா, நடுத் தண்ணீரிலா என்பதுதான் கலியபெருமாள் என்னிடம் விட்டுப்போனது.