கடல் தெரிந்த அறை

பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டு, புதுப்பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்த வருஷம். துளசிராமும் நானும் குடும்பத்தோடு பஸ் பிடித்து ராமேஸ்வரம் போனது அப்போதுதான். போன மாதம் அவர் மகன் போனில், “அப்பா தவறிட்டாங்க மாமா” என்று சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பயணம்தான்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சுங்குடிச் சேலைக் கடை, எதிரே எனக்கு டீக்கடை. அவர் கடையில் சேலை எடுத்தவர்களுக்கு அவர் பேச்சு தெரியும். லாட்ஜில் அவர் விலை பேசுவதை, கூடப் போனவர்கள்தான் பார்த்திருப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சுவரில் மாட்டியிருக்கும் வாடகையை அவர்தான் வாசித்துச் சொல்வார். “இது சும்மா எழுதி வச்சது மச்சான். நெசமான வாடகை அவன் வாயில இருக்கு” என்பார்.

பெண்களையும் பெட்டிகளையும் தெருமுனையில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவார். பெட்டியைப் பார்த்தால், இவர்கள் இனி வேறு எங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிடுமாம். அறை பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். விலை படியவில்லை என்றால் படியிறங்கிவிடுவார். “திரும்பிப் பாக்காம நட. கூப்பிடுவான்.” பழனியிலும் குற்றாலத்திலும் கூப்பிடத்தான் செய்தார்கள். அதுவரை அவர் மனைவி சாந்தாவும் என் மனைவி பாண்டியம்மாளும் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

ராமேஸ்வரத்தில் அன்று மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். மாடியறை. சாந்தா போய் ஜன்னலைத் திறந்தாள். இந்த மாதிரி இடங்களில் அவளும் துளசிராமும் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள், மேனேஜருக்குப் புரியாது. அன்று அவள் கூப்பிட்டது என் மனைவியை. அதனால் தமிழில் சொன்னாள்.

“மதினி, இங்க வாங்களேன். எம்புட்டுக் கடல் பாருங்க. படுத்துக்கிட்டே பாக்கலாம் போல.”

மேனேஜர் சிரித்தார். “வீட்டம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சே சார். இனி என்ன பேச்சு?” ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

துளசிராமின் முகம் சுருங்கிவிட்டது. “நடங்க” என்று இறங்கினார். மேனேஜர் கூப்பிடுவார் என்று வாசல்வரை மெதுவாகவே நடந்தோம். எங்களைத் தாண்டி வேறொரு குடும்பம் பெட்டிகளோடு உள்ளே போயிற்று.

அடுத்த தெருவில் பாதி வாடகைக்கு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். “நாந்தான் வாயக் குடுத்துக் கெடுத்தேன்” என்றாள் சாந்தா. துளசிராம் இல்லை என்று சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் எதையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்குப் புதுச் சரக்கு வந்தால், “உனக்கு எது வேணும்?” என்று அவர் பிரித்துப் போடுவார். “எதுன்னாலும் சரி” என்பாள். ஒருநாள் என் கடை பெஞ்சில் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: “அம்புட்டு ஊரு போயிருக்கோம் மச்சான். அவ வாயத் தொறந்து ஆசப்பட்டது அது ஒண்ணுதான். தப்பு எம்மேலதான்.”

புதுப்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும், “அதே லாட்ஜு, அதே ரூம்பு. அவன் கேக்குறதக் குடுத்துருவோம்” என்றார்.

“நீயா மாப்ள?”

“நானேதான். அவகிட்ட இப்பச் சொல்லிராத. அங்க போயித் தெரியட்டும்.”

கல்யாணச் சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டோம். முடிவதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போக வேண்டும். மகன் செல்போனைத் தள்ளிக்கொண்டே, “கடல் பாத்த ரூம்பு இருக்கும்மா, போடவா?” என்று கேட்டான். சாந்தா தலைநிமிரவில்லை. “எதுன்னாலும் சரிப்பா.”

விலை பேசும் வித்தை எனக்குக் கடைசிவரை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்ன சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். அன்று அந்த அறைக்குள் நின்றவர்களில் பாண்டியம்மாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது அவரும் போய்விட்டார். கேட்டுக்கொள்ள இருப்பது சாந்தா.