அறுபது கிராம் விரல்

செருப்பு காலை விட்டுப் போனது எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸில், இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த என் மனைவி செல்வி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு செருப்பு கீழயே கெடக்கு. குடிச்சிருக்கீங்களா?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். பிப்ரவரி மாதக் குளிரில் சிமெண்ட் படி ஜில்லென்று இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பு கழன்ற மறுநாள் முழங்கால் மடங்கியது. அதற்கு அடுத்த நாள் பால் கேன் மூடியைத் திருக முடியவில்லை. நான் இந்தியன் ஸ்டோர் ஒன்றில் பத்து வருடமாகச் சரக்கு இறக்குகிறவன். நாற்பது பவுண்டு அரிசி மூட்டையை ஒரு தோளில் போடுவேன். பால் மூடி திறக்கவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன். செல்வி ஓட்டினாள்.

எமர்ஜென்சியில் ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பெயர் சொன்னார்கள்: கில்லன் பாரே (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்கும் நோய்).

"பயப்படாதேங்கோ," என்றார் டாக்டரம்மா. "கீழ இருந்து மேல ஏறும். நிண்ட பிறகு இறங்கும். இறங்கிறதுக்கு மாதக்கணக்கு எடுக்கும். விரல்தான் கடைசி."

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூச்சு நிற்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழாயை ஊதச் சொன்னார்கள். ஊதினேன். வேறு வேலை இல்லை.

இந்த நோய் வந்து இப்போது படுத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏறும்போது எண்ணாதீர்கள். இறங்கும்போது எண்ணுங்கள்.

ஏப்ரலில் வீட்டுக்கு வந்தேன். செல்விதான் ஊட்டினாள். "கை, கால் எல்லாம் லீவு போட்டிருச்சு. பல்லு மட்டும் ஓவர்டைம் பாக்குது," என்பாள். ஜூனில் கோல் ஊன்றி நடந்தேன். கை வரவில்லை. ஆக்குபேஷனல் தெரபியில் (கை வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) விரல் பலத்தை முள்ளில் காட்டும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கிள்ள வேண்டும். கிள்ளினேன். முள் அசையவில்லை.

அந்த மாதம்தான் முதலாளி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"மூட்டை இனி வேணாம் பாண்டி. ரிசீவிங்ல கம்ப்யூட்டர் சீட் ஆகஸ்ட்ல காலியாகுது. லாரி வர வர என்ட்ரி போடணும். தீபாவளி சரக்கு வர்ற டைம். முடியும்னா சொல்லு. இல்லேன்னா வேற ஆள் பாக்கணும், தப்பா எடுத்துக்காத."

"முடியும்," என்றேன்.

அவர் போனதும் வீட்டு லேப்டாப்பைத் திறந்தேன். விரலை எழுத்தின் மேல் வைத்தேன். எழுத்து இறங்கவில்லை. மவுஸ் செங்கல் மாதிரி இருந்தது. தள்ளினால் என் கை மணிக்கட்டோடு மடங்கியது. இந்த வேலையும் போனால் இந்த நாட்டில் எனக்கென்று வேறு வேலை இல்லை. செல்வி பார்த்தாள். துணி துவைக்கக் கீழே போனாள்.

லாண்டரி ரூமில் மேல் வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவள் கணவர் பாஸ்கர் ஒரு மீன்பிடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாஃப்ட்வேர்காரர். பெட்டிக்குள் தூண்டில் இல்லை. அறை அறையாக ஸ்பிரிங், ஸ்விட்ச், எழுத்து மூடிகள். பின்னாலேயே அவர் மனைவியும் வந்தார்.

"அண்ணா, இவரு குடுக்கிறத வாங்காதீங்க. உங்களையும் கெடுத்துருவாரு. வீட்ல பதினோரு கீபோர்டு. இருக்கிற கை ரெண்டு."

"அண்ணே, அவ கெடக்கா," என்றார் பாஸ்கர். "இத பிடிங்க."

ஒரு மவுஸைக் கையில் வைத்தார். கேம் விளையாடுகிறவர்கள் வாங்குவதாம். அரிகரண்டி போல முதுகெல்லாம் ஓட்டை. எடை குறைய வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்களாம். ஐம்பது கிராம்கூட இல்லை. தள்ளினேன். அது போனது. நான் தள்ளியதைவிட அதிகமாகப் போனது. நான்கு மாதத்தில் என் கை சொன்னதைக் கேட்ட முதல் பொருள் அது.

பிறகு கீபோர்டு. ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனி ஸ்விட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங். எத்தனை கிராம் வைத்தால் அது இறங்கும் என்பதுதான் கணக்கு. கீபோர்டோடு வந்தது அறுபது கிராம். அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. பாஸ்கர் ஒரு இடுக்கியால் அதையெல்லாம் பிடுங்கி முப்பத்தைந்து கிராம் போட்டார். சாலிடரிங் தேவையில்லை. பிடுங்கலாம், செருகலாம்.

"நீங்க பிடுங்கிப் பாருங்கண்ணே."

இடுக்கியைக் கிள்ள முடியவில்லை. விழுந்தது.

"பரவால்ல. அது கொஞ்சம் டைட்டுதான்," என்றார். டைட் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தைந்து கிராமில் எழுத்து இறங்கியது. ஜூலை முழுவதும் பழகினேன். ஆகஸ்டில் அந்தக் கீபோர்டோடும் மவுஸோடும் சீட்டில் உட்கார்ந்தேன்.

இதே பாதையில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். எளிதாக இறங்குவது மட்டும் போதாது. என் விரல் நுனி மரத்திருந்தது. அழுத்தினேனா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. சும்மா வைத்திருந்தாலும் ஸ்விட்ச் இறங்கிவிடும். இரண்டாவது நாள் முதலாளி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"நாலாயிரத்து நானூத்தி நாப்பத்தி நாலு பெட்டி அப்பளமா? டெக்சாஸ் பூரா பொரிச்சாலும் தீராதே பாண்டி!"

நான்கு பெட்டிதான். சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் என் பின்னால் இரண்டு முறை வந்து நின்றார்.

பாஸ்கரிடம் சொன்னேன். மறுநாள் நாற்பத்தைந்து கிராமில் வேறு வகை போட்டுக் கொடுத்தார். முதலில் பிடுங்கிய அறுபது கிராம் ஸ்விட்சுகளையும் ஒரு இடுக்கியையும் தந்தார், ஸ்டோர் டிராயரில் போட்டு வைத்தேன். இறங்கும்போது டிக் என்று சத்தம் போடும். அடுத்த மேஜைக்காரர்களுக்கு எரிச்சல். எனக்கு அதுதான் வழி. விரல் சொல்லாததைக் காது சொன்னது. அதன்பின் தப்பு வரவில்லை.

அப்படியே செப்டம்பர் போனது. ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஸ்டோரில் எல்லாக் கருவிக்கும் பொட்டு உண்டு. தராசு, பில் மெஷின், மூட்டை தள்ளும் வண்டி, அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தி. எல்லோரும் அவரவர் கருவிக்கு வைத்தார்கள். நான் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தேன். மவுஸுக்கு வைத்தேன். நம்பர் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். மேலே குங்குமம். மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். மற்றவர்களைவிட எனக்குக் கடன் அதிகம்.

அன்று கருவியைத் தொடக்கூடாது. தொடவில்லை.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. தீபாவளி முழுச் சரக்கு. உட்கார்ந்தேன். மவுஸைத் தள்ளினேன். ஸ்கிரீனில் அம்பு நகரவில்லை. நம்பரை அழுத்தினேன். ஏழு இறங்கி அப்படியே நின்றது. எட்டு இறங்கவே இல்லை. சந்தனம் உள்ளே ஓடிக் காய்ந்திருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சாமிக்குப் படைச்ச. சாமி எடுத்துக்கிட்டாரு போல."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் கடிகாரத்துக்குப் போனது. ஸ்டோரில் வேறு கீபோர்டு இருந்தது. அதன் எழுத்துகள் எனக்கு இறங்காது. வேறு ஆள் உட்கார்ந்தால் இறங்கும். அந்த வேறு ஆள் யார் என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

பாஸ்கருக்கு போன் போட்டேன்.

"குங்குமமா?" என்றார். "அண்ணே, அது ஓட்டை மவுஸுண்ணே!"

"தெரியாம வெச்சுட்டேன்."

"எம்மேலதான் தப்பு. நான் சொல்லியிருக்கணும். மவுஸ் அடியில லென்ஸ் இருக்கும், பஞ்சால தொடைங்க. ஸ்விட்ச மாத்தணும். உங்க டிராயர்ல பழசு இருக்கும், ஆனா அது அறுபது கிராம். நீங்க பிடுங்காதீங்க. ஆஃபீஸ் முடிச்சிட்டு நானே வர்றேன்."

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

பஞ்சால் துடைத்தேன். அம்பு நகர்ந்தது. டிராயரிலிருந்து இடுக்கியை எடுத்தேன். ஏழாம் நம்பர் மூடியைக் கழற்றினேன். ஸ்விட்சின் இரு பக்கமும் இடுக்கியை வைத்துக் கிள்ளினேன். வழுக்கியது. மறுபடி வைத்தேன். வழுக்கியது. மூன்றாவது முறை கட்டை விரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். கையை எடுக்கவில்லை.

டக்.

கையில் ஏழு இருந்தது.

ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளும் சிவப்புமாக, பிடுங்கிய பல் மாதிரி. அப்புறம் எட்டு. அப்புறம் ஒன்பது. என்டரோடு சேர்த்துப் பதினொன்று பிடுங்கினேன். பதினொன்று செருகினேன். முதலாளி திரும்பி வந்தபோது பழையவை மேஜையில் வரிசையாக இருந்தன.

"என்னய்யா இது, மெளகா வத்தல் காயப்போட்டிருக்க?"

"லாரிய வரச் சொல்லுங்க," என்றேன்.

அறுபது கிராம். ஜூனில் இறங்காத அதே ஸ்பிரிங். ஒவ்வொரு எண்ணையும் உந்தி இறக்கினேன். இவை டிக் என்று சொல்வதில்லை. ஆனால் அடியில் போய் முட்டியது விரலுக்கே தெரிந்தது. மழுங்கலாகத் தெரிந்தது. தெரிந்தது. மதியத்துக்குள் லாரி காலி. ஒரு எண் தப்பில்லை. முதலாளி லிஸ்டைச் சரிபார்த்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல், "இந்த சீட்டுல வேற எவனையும் உக்கார விடாத," என்றார்.

அடுத்த வாரம் செக்கப். டாக்டரம்மாவே கிள்ளும் கருவியை நீட்டினார். முள் ஓடியது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை கிள்ளச் சொன்னார். மறுபடி ஓடியது.

"என்ன பயிற்சி செய்தனீங்கள்?"

"சாமி கும்பிட்டேன்," என்றேன். செல்வி சிரித்த சிரிப்பில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முன்பெல்லாம் தோளில் ஏறும் பவுண்டில்தான் என் பலத்தை அளந்தேன். இப்போது விரல் நுனியில் இறங்கும் கிராமில் அளக்கிறேன். எனக்கு அந்த வருடம் பிப்ரவரி, மார்ச் என்று நினைவில் இல்லை. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, அறுபது. மூன்று காலம்தான். இதையும் அறுபதிலேயே அடித்தேன். ஒவ்வொரு எழுத்தும் இறங்குவது தெரிந்தே அடித்தேன்.

இடது காலில் இரண்டு விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. அது அப்படியே நிற்கலாம் என்றார் டாக்டரம்மா. செருப்பு கழன்றால் இன்றும் எனக்குத் தெரியாது. அதனால் சத்தம் போடுகிற செருப்பாக ஒன்று வாங்கிக்கொண்டேன். படியேறும்போது இரண்டு பக்கமும் சத்தம் வந்தால் இரண்டும் இருக்கிறது.

"ஏங்க, நீங்க வர்றது மூணாவது மாடி வரைக்கும் கேக்குது," என்கிறாள் செல்வி.

கேட்கட்டும்.