வாத்துச் சண்டை காட்டிக்கொடுத்த இருமல்

இன்ஷிராஹ் என்ற பெயரை நஃபூசா முதன்முதலில் கேட்டது, தன் கணவன் இறந்த நாற்பதாம் நாளில். துக்கம் கேட்க வந்த மித்வல்லி, கணவனுக்குப் பெரியப்பா மகன், மாவுமில்லில் தராசு பிடிப்பவர், "எம் மூணாவது பொண்ணு இன்ஷிராஹ் தன்தா டவுன்ல டாக்டருக்குப் படிக்கிறா" என்றார்.

"மாவு அரைக்கிற வீட்டுல மருந்து அரைக்கப் போறாளாக்கும்" என்றாள் ஒருத்தி. துக்க வீடென்றும் பாராமல் சிரித்தார்கள்.

நாட்டுப் படை கால்வாயைக் கடந்த போர் முடிந்து மூன்றாவது குளிர்காலத்தில் அந்த இன்ஷிராஹ் எங்கள் கிராமமான கஃப்ர் தீனுக்கே வந்து இறங்கினாள். காசநோய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. குழந்தைகளின் முன்கையில் சிறு ஊசி போடுவாள். மூன்றாம் நாள் வந்து, வீங்கியிருந்தால் அளவுகோல் வைத்து அளப்பாள். வீக்கம் இருந்தால் கிருமி உடம்புக்குள் போய்விட்டது என்று கணக்கு. நான்கு வீட்டுக் குழந்தைகளுக்கு மொச்சைக்கொட்டை அளவு வீங்கியது. அந்த நான்கு வீட்டிலும் இருமுகிறவர் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ரமலான் முடிந்ததிலிருந்து நஃபூசாவுக்கு இருமல். அவள் அடுப்பறையில்தான் ஒன்பது வீட்டு ரொட்டி வெந்தது. குளிருக்குச் சன்னலைக் கந்தலால் அடைத்துவிட்டு, பெண்கள் மாவோடு வந்து உட்கார்வார்கள். பிள்ளைகள் சூடான அடுப்புமேடையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஐந்து ரொட்டி அவள் பங்கு. விதவைக்கு அதுதான் சோறு. இருமல் வெளியே தெரிந்தால் அவள் கையில் யார் மாவு கொடுப்பார்கள்?

இன்ஷிராஹ் தெருவைத் தாளில் வரைந்தாள். நான்கு வீட்டுக்கும் நட்டநடுவே பஹானாவின் வீடு. அங்கே ஐந்து பிள்ளைகள், ஒன்றுக்கும் வீக்கமில்லை. நேராக அங்கே போனாள். அது நஃபூசாவுக்கு அடுத்த வீடு; பஹானா பேசினால் நஃபூசா சுவரில் காது வைக்கவே வேண்டாம்.

"அக்கா, உங்க பிள்ளைங்க மட்டும் எங்க போகாம இருந்தாங்க?"

"எல்லா வாசலையும் மிதிப்பாங்க, அந்த அடுப்புக்காரி வாசலைத் தவிர. எம் வாத்தைப் பிடிச்சுத் தின்னவ அவ. சந்தை ரொட்டி மண்ணாட்டம் இருக்கு, இருந்தாலும் அதைத்தான் திங்குறோம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். வாத்து என்ன நிறம்னும் எழுதிக்கிறியா?"

சுவருக்கு இப்பால் நஃபூசா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள்.

சாயங்காலம் இன்ஷிராஹ் தனியாக வந்தாள்.

"எத்தனை நாளா சித்தி?"

"அடுப்புப் புகைம்மா."

"புகைக்கு ராத்திரியில சட்டை நனையாதே."

"எழுதிக்கோ. நாளைக்கு ஊரே எம் ரொட்டியை நாய்க்குப் போடட்டும்."

இன்ஷிராஹ் எழுந்துபோய்ச் சன்னல் கந்தலைப் பிடுங்கி எறிந்தாள். சளியை ஒரு டப்பியில் வாங்கிக்கொண்டு போனாள்.

சளியில் கிருமி இருந்தது. அடுத்த ரொட்டி நாளில் பெண்கள் எல்லாரும் கூடியிருக்க, நஃபூசா பிசைந்த சூடான ரொட்டியை இன்ஷிராஹ் பிய்த்துப் பழைய பாலாடைக்கட்டியில் தொட்டுத் தின்றாள்.

"நோய் ரொட்டியில இல்ல, அடைச்ச சன்னல்ல இருக்கு. ரெண்டு மாசம் சித்தி வெளி முற்றத்துல மாவு பிசையட்டும், அடுப்பை நீங்க பாருங்க. அவங்க அஞ்சு ரொட்டி குறையக்கூடாது."

"இவ இருமித்தானே எம் புள்ள உருகுது?" என்றாள் ஒருத்தி.

"உங்க புள்ளைக்கு மருந்து எம் பையில இருக்கு. சித்தி சளி குடுக்கலைன்னா, நோய் எங்கிருந்து வருதுன்னு தெரியாம வெறும் பையோடதான் நின்னிருப்பேன்."

இன்ஷிராஹ் ரொட்டித் தட்டை நடுவில் நகர்த்தினாள். வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்த பஹானா கை நீட்டி ஒரு துண்டைப் பிய்த்தாள். மென்றாள். "வாத்துத் திருடினாலும் கையில உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். பிறகுதான் மற்றவர்களும் எடுத்தார்கள்.

நஃபூசா ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம் முடித்தாள். அந்த நான்கு வீட்டுக் குழந்தைகளும் தேறி, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இன்ஷிராஹ் தன் அறிக்கையில் நஃபூசாவின் பெயரை எழுதவில்லை. 'ஐந்தாம் எண் அடுப்பு' என்றே எழுதினாள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் வீட்டில் இருமுகிறவர் யார் என்று கேட்குமுன், ரொட்டி எங்கே சுடுகிறீர்கள் என்றுதான் கேட்பாள்.

இப்போது அவள் தன்தாவில், ரயிலடிக்குப் பின்தெருவில், தங்கை வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கிறாள். வயது எழுபத்தைந்து.