கன்னி மூலையில் இரண்டு சென்ட்

சிவகாசியில் மனைத் தரகில் இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுத்தவன் நிலத்தைக் காட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் வெயிலில் அலைவது, நாமே ஒன்றை வாங்கி விற்றால் என்ன என்று தோன்றியது. அறுபதுகளின் தொடக்கம் அது. பட்டாசு ஆபீஸ் கட்ட, எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர், இடம் தேடி முதலாளிகள் அலைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாத பொட்டலுக்குத்தான் மவுசு.

அப்பாவின் புஞ்சையில் என் பங்கை அண்ணனுக்கே கிரயம் எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தில் சாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி நாலு ஏக்கர் வாங்கினேன். நானும் மனைவியும் அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் ஒண்டியிருந்தோம். அண்ணி வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டாள். பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். நிலம் கைமாறியதும் தனி வீடு என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நிலத்தில் ஒரே ஒரு குறை. கன்னி மூலை என்று சொல்கிற தென்மேற்கு மூலை, நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலை நீண்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது மனை சாஸ்திரம்; அப்படிப்பட்ட இடத்தைச் சும்மா கொடுத்தாலும் எந்த முதலாளியும் தொடமாட்டார். அதனால் அந்த இரண்டு சென்டை மட்டும் வெட்டித் தனி மனையாக விற்றேன். நிலம் சதுரமாகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனையை வாங்கியவள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். அதற்கு முன் அவளும் புருஷனும் பண்ணைக் கூலிகள். காலி பண்ணச் சொல்லி விரட்டப்பட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"இங்கன உன்னை எந்திரின்னு சொல்ல ஒருத்தனும் கிடையாது தாயி. கிழக்குப் பாத்துக் கட்டு" என்றேன். தரகன் வாய், தானாக வந்தது.

மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்தார்கள். பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். கொடுத்த பாலை வாசலில் நின்றே குடித்துவிட்டு, அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சிவகாசி முதலாளி ஒருவர் நிலம் பார்க்க வந்தார். நாலு எல்லைக் கல்லையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியவர், சட்டென்று நின்றார்.

"அது என்னய்யா கூரை?"

"ஒரு குடிசைதான் மொதலாளி."

"ஆளு குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்துல வெடிமருந்து வைக்க எவன்யா லைசென்ஸ் குடுப்பான்? இதுகூடத் தெரியாம என்ன தரகு பாக்கீக? ஒரு மாசம் டயம். அந்தக் குடியை அங்கனருந்து எழுப்பிட்டு வாங்க, பத்திரம் போடுவோம்."

வீட்டுமனைத் தரகில் பழகிய புத்தி எனக்கு. அங்கே பக்கத்தில் ஒரு வீடு எழும்பினால் விலை ஏறும். பட்டாசு நிலத்துக்கு அதுவே வினை. சதுரமாக்குகிறேன் என்று என் நிலத்துக்கு நானே பூட்டுப் போட்டிருந்தேன்.

வீட்டில் பாதியைத்தான் சொன்னேன்: முதலாளி வாங்கிக்கொள்வார், குடிசைக்காரியிடம் காலி பண்ணச் சொன்னால் போதும் என்று. மனைவி அன்றைக்கே எங்கள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாள். அந்தச் சாக்கைத் தாண்டித்தான் நான் தினமும் வெளியே போய்வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடிசைக்குப் போனேன். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"ஊரை ஒட்டி மூணு சென்ட் இருக்கு தாயி. இதுக்குப் பதிலா..."

"அங்கன கிணத்துல எங்களை எறைக்க விடுவாகளா அய்யா? இங்கன ஓடையில ஊத்துத் தோண்டிக்கிடுதோம். யாரும் கேக்கதில்ல."

விடமாட்டார்கள். எனக்குத் தெரியும்.

"எந்திரிக்கச் சொல்லத்தான வந்திருக்கீக?" அவள் குரலில் கோபமே இல்லை. "நீங்க சொன்னா எந்திரிச்சிருவோம். எங்களுக்குப் பழக்கந்தான."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் மேல், அந்த மூலை மேல், எல்லாவற்றையும்விட என் வாய் மேல் ஆத்திரமாக வந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.

முதலாளி அச்சங்குளத்தில் வேறு இடம் முடித்துவிட்டார். அந்த நாலு ஏக்கரை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டை விட்டு நாங்கள் கிளம்ப எட்டு வருஷம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொல்லிட்டீகளா?"

"இல்லை."

சாக்கின் வாயை அவிழ்த்தாள். அண்ணிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பாத்திரங்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.